330 டிகிரியா, 150 டிகிரியா? 'லேடி பீ குட்' விமானம் பாலைவனத்தில் தொலைந்த கணக்கு

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ வீட்டில் இருந்தால் எடுத்து, மத்திய அலையில் ஏதாவது ஒரு நிலையத்தை வையுங்கள். ரேடியோவை மேசைமேல் வைத்து மெதுவாக ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். ஓரிடத்தில் ஒலி அமுங்கும், பிறகு தெளியும், மறுபடி அமுங்கும். ஒரு சுற்றில் இரண்டு முறை அமுங்குவதையும், அந்த இரண்டு நிலைகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருப்பதையும் பார்க்கலாம். இலங்கை வானொலி கேட்பதற்காக டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி வைத்தவர்களுக்கு இது பழகிய விஷயம். பெட்டிக்குள் ஃபெரைட் கம்பியில் சுற்றியிருக்கும் ஆன்டெனா, அலை எந்தக் கோட்டின் வழியே வருகிறது என்று காட்டும். அந்தக் கோட்டின் எந்த முனையிலிருந்து வருகிறது என்று காட்டாது.

1943 ஏப்ரல் 4 நள்ளிரவில் லிபியக் கடற்கரைக்கு மேலே பறந்த ஒரு குண்டுவீச்சு விமானத்துக்கு, அந்த 'எந்த முனை' என்ற விவரம்தான் தேவைப்பட்டது. விமானத்தின் பெயர் 'லேடி பீ குட்'. அதில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விக்குத் தரையிலிருந்து கிடைத்த பதில் 330 டிகிரி. எண்ணில் பிழையில்லை. ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதியை எல்லோரும் தாங்களாகவே நிரப்பிக்கொண்டார்கள்.

விமானமும் ஆட்களும்

அது பி-24டி லிபரேட்டர் வகை. 1,200 குதிரைத்திறன் கொண்ட பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் நான்கு. இறக்கையின் முழு நீளம் 110 அடி. அமெரிக்க விமானப்படையின் 376-ஆவது குண்டுவீச்சுக் குழுவைச் சேர்ந்தது. தளம் பெங்காசிக்குத் தெற்கே இருந்த சுலூக் ஓடுதளம். மூக்கில் 64 என்ற எண் எழுதியிருந்தது.

விமானி வில்லியம் ஹட்டன், துணை விமானி ராபர்ட் டோனர், வழி கணிக்கும் நேவிகேட்டர் ஹேஸ், குண்டு போடும் பொறுப்பில் ஜான் வொராவ்கா, எஞ்சின்களைப் பார்த்துக்கொள்ள ரிப்ஸ்லிங்கர், ரேடியோவுக்கு லமோட், துப்பாக்கிகளுக்கு ஷெல்லி, மூர், ஆடம்ஸ். இவர்கள் ஒரே குழுவாகப் போர்ப் பறப்புக்குக் கிளம்பியது அதுவே முதல் தடவை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அனுபவசாலியான குழுவாக இருந்தாலும் அந்த இரவு சிரமப்பட்டிருக்கும். இவர்களுக்கோ இரவில் அந்தக் கடற்கரையைக் கடந்து பழக்கமே இல்லை.

அன்றைய இலக்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகம். 25 விமானங்கள் கிளம்ப வேண்டும். ஓடுதளத்தில் மணற்புயல். ஹட்டனின் விமானம் பிற்பகல் 2:50 அளவில், கடைசியாகக் கிளம்பியவற்றோடு மேலேறியது. மணலும் காற்றும் படுத்திய பாட்டில் பல விமானங்கள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டன. மீதமிருந்த சில விமானங்கள் இரவு 7:50 வாக்கில் நேப்பிள்ஸை நெருங்கியபோது இருட்டிவிட்டது, இலக்கும் கண்ணுக்குத் தெரியவில்லை. சுமையைக் குறைத்தால் எரிபொருள் மிஞ்சும் என்பதால், லேடி பீ குட் தன் குண்டுகளை மத்தியதரைக் கடலில் போட்டுவிட்டுத் தனியாகத் தெற்கே திரும்பியது.

காகிதத்தில் வழி கண்டுபிடிப்பது

இன்றைய விமானத்துக்குச் செயற்கைக்கோள் இடம் சொல்லும். 1943-இல் நேவிகேட்டரின் அடிப்படைக் கருவிகள் திசைமானி, வேகமானி, கடிகாரம், வரைபடம், பென்சில். எந்தத் திசையில், என்ன வேகத்தில், எவ்வளவு நேரம் பறந்தோம் என்று வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தால், 'இப்போது ஏறத்தாழ இங்கே இருக்கிறோம்' என்று ஒரு புள்ளி வைக்கலாம். முறை எளியது, ஆனால் ஒவ்வொரு மணி நேரப் பிழையும் அடுத்த மணி நேரத்தின் தலையில் ஏறும்.

பெரும் பிழை காற்றால் வரும். வேகமானி காட்டுவது, சுற்றியிருக்கும் காற்றை ஒப்பிட்டு விமானம் போகும் வேகத்தை. அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரைமீது வேகம் வேறாகிவிடும். பின்னாலிருந்து மணிக்கு 50 கி.மீ. காற்று தள்ளுகிறது, நேவிகேட்டருக்கு அது தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரத்தில் விமானம் அவர் வைத்த புள்ளியைவிட 200 கி.மீ. முன்னால் போயிருக்கும். பகலில் கீழே அலையைப் பார்த்தோ கடற்கரையைப் பார்த்தோ காற்றை அளந்து திருத்திக்கொள்ளலாம். வானம் தெளிவாக இருந்தால், கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியால் நட்சத்திரங்களைப் பார்த்தும் இடத்தைக் கணிக்கலாம். கீழே இருட்டு, நடுவே மேகம் என்றால் திருத்த வழி குறைவு. 1943 ஏப்ரல் 4 அமாவாசை நாள். நிலவொளி இல்லாத இரவில், மேலிருந்து பார்ப்பவருக்குக் கடலும் மணலும் ஒரே கறுப்புதான்.

நேப்பிள்ஸுக்கும் சுலூக்குக்கும் நேர்கோட்டில் சுமார் 1,150 கி.மீ. சுலூக்கிலிருந்து பார்த்தால் நேப்பிள்ஸ் இருக்கும் திசை, வடக்கை 0 என்று வைத்து வலச்சுற்றாக எண்ணும்போது, ஏறத்தாழ 332 டிகிரி. அதாவது வடமேற்கு. திரும்பி வருவதற்குப் பிடிக்க வேண்டிய திசை அதற்கு நேர் எதிரான 152. இந்த இரண்டு எண்களும் பின்னால் மறுபடி வரும்.

நேரக் கணக்கையும் போட்டுவிடலாம். 7:50-க்குத் திரும்பி, தரைமீது மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் நேராக வந்திருந்தால் இரவு 11:40-க்குத் தளத்தின் மேல் இருந்திருக்க வேண்டும்.

வளைய ஆன்டெனா எப்படித் திசை சொல்கிறது?

தரை நிலையங்களில் அந்தக் காலத்தில் திசை காண எளிய கருவி வளைய ஆன்டெனா. சுற்றக்கூடிய தண்டின் மேல் செங்குத்தாக நிற்கும் ஒரு கம்பி வளையம். ரேடியோ அலை வளையத்தின் விளிம்புப் பக்கமாக வந்தால், முன் கம்பியை ஒரு கணமும் பின் கம்பியை இன்னொரு கணமும் தொடும். அந்தச் சிறு வித்தியாசம்தான் மின்னழுத்தமாகி ஹெட்போனில் ஒலிக்கிறது. வளையத்தின் முகத்துக்கு நேராக அலை வந்தால் இரண்டு கம்பிகளையும் ஒரே கணத்தில் தொடும். இரண்டு மின்னழுத்தங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும், ஒலி அமுங்கும்.

ஒலி உச்சத்தில் இருக்கும் நிலையை விட்டுவிட்டு அமுங்கும் நிலையை ஏன் தேட வேண்டும்? உச்சத்திலிருந்து வளையத்தை 20 டிகிரி திருப்பினாலும் ஒலி 6 சதவீதம்தான் குறையும். காதுக்கு அது தெரியவே தெரியாது. அமுங்கிய நிலையிலிருந்து 5 டிகிரி திருப்பினாலே உச்ச அளவில் 9 சதவீதம் ஒலி எழுந்துவிடும். மௌனத்திலிருந்து எழும் ஒலி என்பதால் காது உடனே பிடித்துவிடும். பழகிய கை ஓரிரு டிகிரிக்குள் அளந்துவிடும்.

கிடைத்த கோணத்தில்தான் அந்தப் பழைய சிக்கல் இருக்கிறது. வளையத்தின் முன் முகம் விமானத்தைப் பார்த்தாலும் பின் முகம் பார்த்தாலும் ஒலி ஒரே மாதிரி அமுங்கும். 330-இல் அமுங்கினால் 150-இலும் அமுங்கும். இரண்டுக்கும் இடையே 180 டிகிரி. வரைபடத்தில் இரண்டும் ஒரே கோடு.

பக்கத்தைப் பிரித்தறியவும் வழி உண்டு. வளையத்தோடு ஒரு நெட்டுக்குத்தான கம்பி ஆன்டெனாவைச் சேர்ப்பார்கள். அந்தக் கம்பிக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான். வளையத்திலோ, அலை எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தால் மின்னழுத்தத்தின் குறி மாறிவிடும். இரண்டையும் கூட்டினால் ஒரு பக்கத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கும், மறுபக்கத்தில் கழிந்து மெலியும். எந்தப் பக்கத்து அலை எவ்வளவு வலுவாகக் கேட்கும் என்று வரைந்தால், 8 போல இருந்த படம் இதய வடிவமாக மாறும். முதலில் வளையத்தால் கோட்டைப் பிடி, பிறகு கம்பியைச் சேர்த்துப் பக்கத்தைப் பார்: இதுதான் முறை. இரண்டாவது படியைத் தாண்டிப் போக மிகச் சுலபமான காரணம், 'விமானம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று எனக்கே தெரியுமே' என்ற நினைப்பு.

விமானத்திலும் இதே கருவி உண்டு. பி-24-இன் முதுகில் முட்டை வடிவக் கூட்டுக்குள் ஒரு வளையம் இருக்கும். அதைத் தானியங்கித் திசை காட்டி என்பார்கள். மோட்டார் வளையத்தைத் திருப்பி, கம்பி ஆன்டெனாவின் துணையோடு சரியான பக்கத்தையும் தேர்ந்து, விமானியின் முன் ஒரு முள்ளாகக் காட்டும். நிலையத்தை நோக்கிப் போகும்வரை முள் மூக்குப் பக்கம் நிற்கும்; நிலையத்தைக் கடந்த நொடியில் வால் பக்கம் புரண்டுவிடும். அன்று இரவு ஹட்டனுக்கு வேண்டியது அந்த ஒரு புரளல்தான்.

நள்ளிரவு 12:12

ஹட்டன் ரேடியோவில் தளத்தைக் கூப்பிட்டார். தானியங்கித் திசை காட்டி வேலை செய்யவில்லை, நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொல்லுங்கள் என்று கேட்டார். பெங்காசி அருகே பெனினாவில் இருந்த திசை காணும் நிலையம் அளந்து சொன்னது: 330.

இதை விமானத்துக்குள் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். நேப்பிள்ஸிலிருந்து வருகிறோம். தளத்திலிருந்து பார்த்தால் நாங்கள் வடமேற்கே இருப்பதுதான் இயல்பு. வரைபடம் 332 என்கிறது, நிலையம் 330 என்கிறது. இதைவிடப் பொருத்தமான பதில் வேறென்ன கிடைக்கும்? கடலுக்கு மேலேதான் இருக்கிறோம், இதே திசையில் போனால் தளம் வந்துவிடும் என்று முடிவு செய்வதில் எந்த முட்டாள்தனமும் இல்லை. தரையில் இருந்தவருக்கும் அதே படம்தான் மனதில்.

பொதுவாக ஏற்கப்படும் விளக்கம், விமானம் அதற்குள் தளத்தைக் கடந்துவிட்டது என்பது. அது நிலையத்துக்குத் தென்கிழக்கே, 150 டிகிரிக் கோட்டில் இருந்தது. வளையத்தின் பின் முகம் காட்டியதை முன் முகத்துக் கணக்கில் படித்துவிட்டார்கள். பின்னாளில் விமானம் கிடைத்த இடத்தை வரைபடத்தில் வைத்து பெனினாவிலிருந்து கோணம் அளந்தால் ஏறத்தாழ 149 வருகிறது. கோடு அவ்வளவு துல்லியமாக இருந்திருக்கிறது. சுலூக்கில் எஞ்சின் சத்தம் கேட்டு வாணவெடிகள் விட்டார்கள். விமானத்தில் யாரும் அவற்றைப் பார்க்கவில்லை.

பக்கத்தைச் சரிபார்க்க அந்த நிலையிலும் ஒரு வழி இருந்தது. புதிதாக எந்தக் கருவியும் தேவையில்லை. போகும் திசைக்குக் குறுக்கே 90 டிகிரி திரும்பி, பத்து நிமிடம் பறந்து, மறுபடி கோணம் கேட்பது. விமானம் 150 திசையில் போகிறது, இடப்புறம் திரும்பி 60 திசையில் பறக்கிறது என்போம். பத்து நிமிடத்தில் 50 கி.மீ. நிலையத்திலிருந்து 100 கி.மீ. தூரத்தில் வடமேற்கே இருந்தால் கோணம் 330-இலிருந்து 357-க்கு ஏறும். அதே தூரத்தில் தென்கிழக்கே இருந்தால் 303-க்கு இறங்கும். ஏறினால் தளம் முன்னால், இறங்கினால் தளம் பின்னால். நேராகவே பறந்துகொண்டு நூறு முறை கேட்டாலும் 330 என்றுதான் வரும், ஏனென்றால் விமானம் அந்தக் கோட்டின் மேலேயே நகர்கிறது.

இதைவிட நல்லது, தூரத்தில் இருக்கும் இன்னொரு நிலையமும் அதே நேரத்தில் கோணம் அளப்பது. இரண்டு கோடுகள் ஒரே இடத்தில்தான் வெட்டும். பக்கம் பற்றிய சந்தேகமே எழாது. ஒற்றைக் கோட்டை இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான். இரவில் மத்திய அலை மேல்வளி மண்டலத்தில் எதிரொலித்து வந்து அமுங்கும் நிலையை மங்கலாக்கும் தொல்லையும் உண்டு. ஆனால் இங்கே கோணம் கெடவில்லை. கெட்டது பக்கம் மட்டும்.

எரிபொருள்

பி-24டி-யின் முதன்மைத் தொட்டிகள் சுமார் 2,300 அமெரிக்க காலன் கொள்ளும். ஏறத்தாழ 8,700 லிட்டர். நிதானமாகப் பறந்தால் மணிக்கு ஏறத்தாழ 200 காலன் செலவாகும். ஆக, பதினொன்றரை மணி நேரம். பிற்பகல் 2:50 முதல் அதிகாலை 2 மணி வரை 11 மணி 10 நிமிடம். கணக்கு ஒத்துப் போகிறது.

மனதை அதிகம் வருத்தும் பகுதி இதுதான். 12:12-க்குக் கேட்டபோது தொட்டிகளில் இன்னும் ஒன்றே முக்கால் மணி நேர எரிபொருள் இருந்தது. தளம் அப்போது மிகத் தொலைவில் போயிருக்க முடியாது. குறுக்கே பறந்து பார்க்கும் பத்து நிமிடத்துக்கு 33 காலன் போதும்.

அதிகாலை 2 மணி வாக்கில் எஞ்சின்கள் நிற்கத் தொடங்கியபோது ஒன்பது பேரும் பாராசூட்டில் குதித்தார்கள். ஆளில்லாத விமானம் இன்னும் 26 கி.மீ. போய், தட்டையான சரளைத் தரையில் வயிற்றால் சறுக்கி இறங்கியது. இறக்கைக்குப் பின்னால் உடல் முறிந்ததைத் தவிர பெரும் சேதமில்லை. மூன்று எஞ்சின்களின் விசிறி இலைகள் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பப்பட்டிருந்தன. நின்றுபோன எஞ்சினின் விசிறி காற்றைத் தடுத்து வேகத்தைத் தின்னாமலிருக்க விமானி செய்யும் வேலை அது. நான்காவது எஞ்சின் தரையைத் தொடும்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

தரையில் எட்டுப் பேர்

அவர்கள் இறங்கிய இடம் கடற்கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கி.மீ. உள்ளே, கலான்ஷியோ மணற்கடலின் ஓரம். துப்பாக்கிச் சத்தமும் வெளிச்சக் குறிகளும் கொண்டு எட்டுப் பேர் ஒன்று கூடினார்கள். வொராவ்கா வரவில்லை. அவருடைய பாராசூட் சரியாக விரியவில்லை என்பது பிறகு தெரிந்தது.

கடல் பக்கத்தில்தான் இருக்கும் என்று நம்பி வடமேற்கே நடந்தார்கள். அந்த நம்பிக்கையும் 330-இலிருந்து பிறந்ததுதான். எதிர்ப்புறம் 26 கி.மீ. நடந்திருந்தால் விமானம், அதில் உணவும் தண்ணீரும் ரேடியோவும். அது அவ்வளவு அருகில், அவ்வளவு முழுசாகக் கிடக்கும் என்று யாரால் எண்ண முடியும்?

டோனர் ஏப்ரல் 4 முதல் 12 வரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். எட்டுப் பேருக்கும் சேர்த்து அரைக் குடுவை தண்ணீர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மூடி. பகலில் கிடப்பார்கள், வெயில் தாழ்ந்ததும் 15 நிமிட நடை, 5 நிமிட ஓய்வு என்று இரவெல்லாம் நடப்பார்கள். தேடி வருபவர்களுக்காகக் காலணிகளையும் பாராசூட் துணியையும் அம்புக்குறிபோல விட்டுக்கொண்டே போனார்கள். ஆனால் தேடல் கடலில் நடந்தது. ஏப்ரல் 9-இல் ஐந்து பேரால் மேற்கொண்டு நடக்க முடியவில்லை. ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் உதவி தேடிப் பிரிந்து போனார்கள். அந்த அளவு தண்ணீரில் ஐந்து பேர் சுமார் 130 கி.மீ. வந்திருந்தார்கள். பிரிந்து போன மூவரில் ஷெல்லியும் ரிப்ஸ்லிங்கரும் அதற்கும் மேலே 30, 40 கி.மீ. போயிருக்கிறார்கள். மனித உடலால் இவ்வளவு முடியாது என்றுதான் பின்னாளில் தேடியவர்கள் நினைத்திருந்தார்கள். அதனால் தொடக்கத்தில் அவ்வளவு வடக்கே தேடவே இல்லை.

விமானம் பேசியது

1958-இல் எண்ணெய் தேடி வந்த பிரிட்டிஷ் குழு வானிலிருந்து விமானத்தைப் பார்த்தது. 1959 தொடக்கத்தில் நிலவியல் ஆய்வாளர்கள் தரை வழியே அதை அடைந்தார்கள். மே மாதம் அமெரிக்கப் படையின் குழு வந்தது. மழையும் ஈரமும் இல்லாததால் அலுமினிய உடல் அப்படியே இருந்தது. இயந்திரத் துப்பாக்கி சுட்டது. ரேடியோ இயங்கியது. உள்ளே தண்ணீரும் உணவும் இருந்தன. உடல்களும் பாராசூட்டுகளும் மட்டும் இல்லை. எல்லோரும் வானிலேயே குதித்துவிட்டார்கள் என்பதற்கு அதுவே முதல் சான்று.

1960 பிப்ரவரியில் ஐந்து பேரின் உடல்கள் ஒரே இடத்தில் கிடைத்தன, டோனரின் நாட்குறிப்பும் அங்கேதான். மே மாதத்தில் ஷெல்லியும் ரிப்ஸ்லிங்கரும், ஆகஸ்டில் வொராவ்காவும் கிடைத்தார்கள். விமானத்தின் மிச்சங்களை 1994-இல் லிபியர்கள் டோப்ருக்குக்கு எடுத்துச் சென்றார்கள். மூரின் உடல் என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் இன்றுவரை அந்த மணலிலிருந்து மீட்கப்படவில்லை.